விடைப் பக்கம்

எட்டாவது கணக்கை மட்டும் போட்டு முடித்துவிட்டால் எழுந்து கூடத்துக்குப் போய்விடலாம், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லோரையும் போலத் தானும் அழலாம் என்றுதான் கௌசிகா நினைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் அந்தப் பாழாய்ப்போன கணக்கு முடிந்தால்தானே. உள்ளறையில் பீரோவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம், அதன்மேல் தினக்காலண்டரில் கிழித்த தாள், கையில் மழுங்கிப்போன பென்சில். கூடத்தில் ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டிக்குள் அப்பா. நேற்று வரைக்கும் அர்த்தநாரி என்று நாலு தடவை கத்திக் கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்த மனுஷன், இன்றைக்குத் தெருவே கூடிக் கத்தியும் திரும்பவில்லை. பெட்டியின் மோட்டார் கொஞ்ச நேரம் உறுமும், அப்புறம் நிற்கும், நின்றதும் கூடத்து அழுகை பெரிதாகக் கேட்கும், மறுபடி உறும ஆரம்பித்தால் அழுகை சின்னதாகிவிடும். அப்படி உறுமுகிற நேரமாகப் பார்த்துத்தான் அவள் பென்சிலை நகர்த்தினாள். அப்பாவின் தங்கச்சி காஞ்சனா அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டாள். "எங்கண்ணன் இப்படிக் கெடக்கறான், இவ கணக்குப் போடறா பாருங்க! புள்ளைக்குப் பித்துக்கித்துப் புடிச்சிருச்சா என்னமோ!" பின்னாலிருந்து யாரோ, "உடுங்கக்கா, பச்சப்புள்ள, எதையோ ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது" என்றார்கள். பச்சப்புள்ளயாம். பித்துமில்லை ஒன்றுமில்லை, கணக்கைப் போட்டே ஆகவேண்டிய காரணம் ஒன்று அவளுக்கு இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது, அம்மாவிடம் சொல்லவே முடியாது.

பத்தாவது படிக்கும்போது அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் விடைகள் போட்டிருக்கும் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவாள், அப்புறம் அந்த விடை வருகிற மாதிரி வழியை எப்படியாவது இழுத்துக் கட்டிவிடுவாள். பரீட்சையில் விடைப் பக்கம் இல்லை, வண்டவாளம் தெரிந்துபோயிற்று. பதினொன்றுக்கு வந்ததும் அவளே புத்தகத்தைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்து, "நான் கணக்குப் போடறப்ப இத நீங்களே வெச்சுக்கங்கப்பா. நான் விடை சொல்றேன், நீங்க பின்னாடி பாத்துட்டு சரியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. சரியான விடை என்னன்னு செத்தாலும் சொல்லப்படாது" என்றாள். செத்தாலும் என்றா சொன்னோம்? சொன்னோம்தான், வாய்தானே, எதையும் சொல்லும். எட்டாம் வகுப்போடு நின்று தறிப்பட்டறைக்குப் போன அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே பெருமை. பட்டறையிலிருந்து வந்து, தலையிலும் மீசையிலும் ஒட்டியிருக்கும் பஞ்சு போகக் குளித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்துவிடுவார். அவள் தரையில் உட்கார்ந்து போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து விடையைச் சத்தமாகச் சொல்வாள், ஏனென்றால் தறிச் சத்தம் அவர் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. அவர் ஒரு விரலை ஊன்றி, கீழே பார்த்து, மேலே பார்த்து, ஒன்று "சரி கண்ணு" என்பார், இல்லாவிட்டால் "இன்னொருக்கா பாரு கண்ணு" என்பார். அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம். எங்கேயாவது அபூர்வமாக அவர் சரி என்றது பள்ளிக்கூடத்தில் தப்பாகிவிடும், பாவம் குறிகளைப் பொருத்திப் பார்த்ததில் கண் தவறியிருக்கும் என்று விட்டுவிடுவாள். எட்டாவது கணக்குக்கு நேற்று அவர் "சரி கண்ணு, போய்ப் படு" என்றார். அந்தச் சரி நிஜமான சரிதானா என்பதுதான் இப்போது தெரியவேண்டும். விடை சரியாக இருந்தால் அப்பா புத்தகத்தைப் பார்த்திருக்கிறார், பார்த்துப் பொருத்திச் சொல்லியிருக்கிறார், அப்படியானால் நேற்று அந்த நேரத்தில் அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார், நெஞ்சுவலி விடிகாலையில்தான் வந்திருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை. விடை தப்பாக இருந்தால்? தப்பாக இருந்தால் அப்பா பார்க்கவே இல்லை, பார்க்க முடியாத வலியில் உட்கார்ந்திருந்தார், அவளை அனுப்பினால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவள்தான் இன்னும் ஒண்ணுப்பா இன்னும் ஒண்ணுப்பா என்று அவரைப் பிடித்து வைத்திருந்தாள். பின்னால் புரட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். புரட்ட விரல் வரவில்லை. அது அப்பாவின் பக்கம்.

கண்ணாடி போட்டிருந்தாரா? அதை நினைவுபடுத்திவிட்டால் பாதி தெரிந்துவிடும். சாயங்காலமே தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்தார். "வாயுப் புடிச்சிருச்சு ரேணு, ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னது அவளுக்கும் கேட்டது. இவள்தான் போய் வாங்கிவந்தாள். குடித்தார், பெரிதாக ஏப்பம் விட்டார், "ஆஹா, போன உசுரு வந்திருச்சு" என்று சிரித்தார். சிரித்தாரே! வலிக்கிற மனுஷன் சிரிப்பாரா? சிரிப்பார், அப்பா சிரிப்பார், தறியில் விரல் நசுங்கி நகம் கழன்று வந்த அன்றைக்கே சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆறாவது கணக்குக்குக் கண்ணாடி இருந்தது, அது நிச்சயம், மூக்கில் வழுக்கியதைப் புறங்கையால் தள்ளிவிட்டார். ஏழாவதுக்கு "இன்னொருக்கா பாரு கண்ணு" என்றார், அவள் திரும்பப் பார்த்தாள், கழித்தல் குறி ஒன்று விட்டுப்போயிருந்தது, திருத்தினாள், சரி என்றார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். எட்டாவதுக்கு? எட்டாவதைச் சொல்கிறபோது அவள் அவரைப் பார்த்தாளா? தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாளா? அப்பாவின் கை நெஞ்சில் இருந்ததா, புத்தகத்தில் இருந்ததா? எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அந்த இடத்தில் அப்பாவின் முகம் வரவில்லை, கட்டில் காலும் அவர் பாதமும்தான் வந்தன, பாதத்துப் பெருவிரல் அசைந்துகொண்டிருந்தது. அடிப்பாவி, பெருவிரலைப் பார்த்த நேரத்தில் முகத்தைப் பார்த்திருக்கக்கூடாதா. இப்போது அந்த இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி டிவி மேல் இருக்கிறது. அதை அங்கே வைத்தது அப்பாவா, காலையில் பாயை எடுத்த யாராவதா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்டால் அத்தை மறுபடி பித்து என்பாள்.

சரி, கணக்கைப் பார். x கழித்தல் மூன்று, இரண்டு பக்கமும் நெட்டுக் கோடு. அந்தக் கோட்டுக்குள் எது போனாலும் கழித்தல் குறியை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வெளியே வரும், அதுதான் அதன் குணம். x மூன்றாக இருக்கும் இடத்தில் இதன் வகைக்கெழு என்ன, அதாவது அந்த இடத்தில் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கே போய்க் கேட்க முடியாது, போனால் பூஜ்யத்தின் கீழே பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு அர்த்தமே கிடையாது. கிட்டப் போகவேண்டும், இன்னும் கிட்டப் போகவேண்டும், தொடாமல் போகவேண்டும். மூன்றோடு h என்று ஒரு துளியைக் கூட்டிக்கொள், அப்புறம் அந்தத் துளியைக் கரைத்துக்கொண்டே போ. "அவசரப்பட்டு h-ஐப் பூஜ்யம் ஆக்கிராதீங்கடி, வேலை முடியற வரைக்கும் அது உசுரோட இருக்கணும்" என்று ஹேமா டீச்சர் சொல்வாள், வகுப்பே சிரிக்கும். நேற்று சிரித்தது. இன்றைக்கு அந்த வரியை நினைத்ததும் பென்சில் h-இன் மேலேயே நின்றுவிட்டது. கூடத்தில் மோட்டார் நின்றது. பெட்டியின் பக்கத்தில் சின்னச் சிவப்பு எண் ஒன்று ஓடும், காலையில் அவளே பார்த்தாள், குறைந்துகொண்டே வந்தது, எதுவரைக்கும் போகும் என்று பெட்டி கொண்டுவந்த ஆளைக் கேட்டாள், "ஐதராபாத்திலிருந்து உங்கண்ணன் வர்ற வரைக்கும் தாங்கும் பாப்பா" என்றான், கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. பாவம் நவநீதன், ப்ளேன் பிடித்து இறங்கி, இந்நேரம் பஸ்ஸில் எங்கே அழுதுகொண்டு வருகிறானோ. மோட்டார் உறும ஆரம்பித்தது. துளிக்கு மதிப்புக் கொடு. பூஜ்யம் புள்ளி ஒன்று. மேலே பூஜ்யம் புள்ளி ஒன்று, கீழே பூஜ்யம் புள்ளி ஒன்று, வகுத்தால் ஒன்று. இன்னும் சின்னதாக்கு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று, அப்போதும் ஒன்று. எவ்வளவு கிட்டப் போனாலும் ஒன்று, ஒன்று, ஒன்று. நேற்றும் இதேதான் வந்தது, ஒன்று என்றுதான் அப்பாவிடம் சொன்னாள். அப்படியானால் சரிதானே? அப்பாடா என்று ஒரு மூச்சு கிளம்பி வந்தது, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அத்தை டம்ளரோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். "ஒரு வாய் காப்பித்தண்ணியாவது குடி சாமி. மத்தியானமாகப் போகுது." வேண்டாம் என்று தலையாட்டினாள். அத்தை டம்ளரை வைத்துவிட்டு, அவள் காலை லேசாகத் தொட்டு, "அந்தப் பக்கமா கொஞ்சம் நவுந்துக்க, பாய் எடுக்கோணும்" என்றாள். கௌசிகா இடதுபக்கம் நகர்ந்தாள். நகர்ந்தவளுக்கு மண்டையில் பளீரென்று அடித்தது. இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லையே!

மூன்றுக்கு வலதுபக்கத்திலிருந்து வந்தால் மட்டும் போதாது, இடதுபக்கத்திலிருந்தும் வரவேண்டும். ஹேமா டீச்சர் கரடியாய்க் கத்தியதுதான், ரெண்டு பக்கமும் போய்ப் பாருங்கடி, ரெண்டும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் வகைக்கெழு உண்டு, இல்லாவிட்டால் கிடையாது என்று. நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். பென்சிலை எடுத்து எழுதினாள். துளி இப்போது கழித்தல் பூஜ்யம் புள்ளி ஒன்று. மேலே நெட்டுக் கோட்டுக்குள் போய்க் குறியைக் கழற்றிவிட்டு வந்தால் பூஜ்யம் புள்ளி ஒன்று. கீழே அப்படியே கழித்தலோடு நிற்கிறது. வகுத்தால் கழித்தல் ஒன்று. இன்னும் கிட்டப் போனால், அப்போதும் கழித்தல் ஒன்று. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கழித்தல் ஒன்றே வந்தது. இந்தப் பக்கம் கழித்தல் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் மூன்றை நெருங்கி நெருங்கி வந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. வகைக்கெழு இல்லை. அதுதான் விடை. அதைவிடக் கொடுமை, பின்பக்கத்தில் அது எண்ணாக இருக்காது, குறியாக இருக்காது, 'வகைக்கெழு இல்லை' என்று தமிழில் எழுத்தாகப் போட்டிருக்கும். குறியைப் பொருத்துவதில் அப்பாவுக்குக் கண் தவறலாம். தமிழ் படிக்கத் தவறுவாரா? தினமும் பேப்பரில் மழைச் செய்தியிலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் வாய்விட்டுப் படிக்கிற மனுஷன், 'இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்று என்று மகள் சொன்னதைச் சரி என்பாரா? பார்க்கவில்லை. அப்பா பார்க்கவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், இவள் பெருவிரலை வேடிக்கை பார்த்திருக்கிறாள். அப்போதே ஆட்டோ பிடித்திருந்தால்? கணக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்ப்பா, நீங்க படுங்க என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. விடிகாலையில் அம்மா அலறி, ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாளைக் கசக்கி வாயில் திணித்துக்கொண்டாள், சத்தம் வெளியே வரக்கூடாது என்று. கணக்கை முடித்ததும் எழுந்துபோய் அழலாம் என்று இருந்தவள், முடிந்த பிறகு எழ முடியாமல் அரிசி மூட்டையின் மேல் சாய்ந்து கிடந்தாள்.

நவநீதன் வந்தான். தெருவில் அவன் குரல் கேட்டதுமே கூடம் மறுபடி முதலிலிருந்து அழ ஆரம்பித்தது. "அப்பா... ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமில்லப்பா" என்று கண்ணாடி மூடியைப் பிடித்துக்கொண்டு கதறினான், வளர்ந்த ஆம்பளை அப்படி அழுவதை அவள் பார்த்ததில்லை. அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள், மூடியைத் திறந்தார்கள், குளிப்பாட்டினார்கள், அவள் கையிலும் அரிசியைக் கொடுத்து வாயில் போடச் சொன்னார்கள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள், நேற்றுப் பார்க்காத முகத்தை. அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. வலித்துதாப்பா என்று கேட்டாள், சத்தமாகக் கேட்டாள், காது கேட்காத மனுஷனாச்சே. பெண்கள் எல்லாரும் ஓவென்று அழுதுவிட்டார்கள். கொட்டு முழங்க, தீச்சட்டியோடு அண்ணன் முன்னால் போக, அப்பா கிளம்பினார். இவர்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். டிரான்ஸ்பார்மர் நிற்கிற அந்த முனையில் நிற்கவேண்டும், விழுந்து கும்பிடவேண்டும், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். அம்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கௌசிகா நடந்தாள், முனை வந்தது, கால் நிற்கவில்லை, இன்னும் ஓரடி வைத்தது. அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். "அவ்வளவுதான் சாமி. இதுக்கு மேல நாம போகப்படாது." மூன்றில் அந்தக் கோடும் இப்படித்தான், சரசரவென்று இறங்கி வரும், தொட்ட இடத்தில் வளையாது, ஒடிந்து திரும்பும். ஒடிகிற இடத்தில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்று கேட்டால் அது என்ன சொல்லும். கொட்டுச் சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டியைக் கடைசியில்தான் எடுத்தார்கள் போல, அது இருந்த இடம் மட்டும் காய்ந்து போய், மற்ற இடமெல்லாம் ஈரமாக இருந்தது. எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஈரத்தலையோடு அம்மா உள்ளறைக்கு வந்து, மகள் உட்கார்ந்திருந்த அதே இடுக்கில் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அலறியதில் ரேணுகாவுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. சொல்லவே கூடாது என்று இருந்ததுதான், ஆனால் அம்மாவின் தோள் பட்டதும் கொட்டிவிட்டது. "அம்மா, நேத்து அப்பாவுக்கு வலி இருந்திருக்கும்மா. நாந்தான் கணக்குன்னு உக்கார வெச்சுட்டேன். தப்பான விடைக்குச் சரின்னு சொன்னாரு. பொஸ்தகத்தையே பாக்கலம்மா அவரு." அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று கௌசிகா உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். "அவரு என்னிக்குக் கண்ணு பொஸ்தகத்தப் பாத்தாரு?" என்றாள் அம்மா. "பொஸ்தகம் மடியில விரிச்சிருக்கும், அவ்வளவுதான். எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'எனக்கு என்ன எழவு புரியுது ரேணு அதுல'ன்னு..." எழவு என்ற வார்த்தையில் அம்மா சிக்கிக்கொண்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "தறி ஓடறப்ப யாரு பேசறதும் காதுல உழாது, மூஞ்சியப் பாத்தே பழகினவரு. உம்மூஞ்சி தெளிவா இருந்தா சரிம்பாராம். புருவம் சுளிச்சிருந்தா இன்னொருக்கா பாக்கச் சொல்லுவாராம். புள்ளகிட்டச் சொல்லிராத, நம்பிக்க போயிரும்னு எங்கிட்டச் சத்தியமே வாங்கியிருக்காரு." இத்தனை நாளும் அவர் சரி என்ற ஒவ்வொன்றுக்கும் கௌசிகாவின் முகம்தான் விடையா? ஏழாவதில் கழித்தல் குறி விட்டுப்போனதை அவள் மனசுக்கு முன்னால் புருவம் சொல்லிவிட்டதா? அப்படியானால் எட்டாவதுக்கு? "நேத்துக் கடைசியா நான் விடை சொன்னப்ப எம்மூஞ்சி எப்படிம்மா இருந்துச்சு?" என்று அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நான் அடுப்படியில இருந்தேன் சாமி. பாக்கலியே." பார்த்தவர் ஒருத்தர்தான். முகம் தெளிவாக இருந்து, அதைப் பார்த்துச் சரி சொல்லியிருக்கலாம். முகத்தையும் பார்க்க முடியாமல், வலியில் சொல்லியிருக்கலாம். இந்தப் பக்கமிருந்து போனால் ஒன்று, அந்தப் பக்கமிருந்து போனால் இன்னொன்று, எவ்வளவு கிட்டப் போனாலும் இரண்டும் சேரப்போவதில்லை, எத்தனை வருஷம் போனாலும் சேரப்போவதில்லை. அவளுக்கு அழுகை வந்தது, காலையிலிருந்து வாய்விட்டு வராத அழுகை, அரிசி மூட்டை நனைகிற மாதிரி அழுதாள். அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்துவிட்டாள். அப்புறம் தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, பின்பக்கத்தை விரித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தக் கணக்கு கடைசியில என்னதான் ஆச்சு? சொல்லு." கௌசிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்லம்மா. மூணுல வகைக்கெழு இல்ல. இல்லைங்கறதுதான் விடை." அம்மா புத்தகத்தைக் குனிந்து பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா பாரு கண்ணு" என்றாள்.